வைக்கோல் தொப்பிப் பையனைச் சுற்றி என்ன வெளிச்சம்?

வாசகர் ஒருவர் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். வைக்கோல் தொப்பி போட்ட பையன் முதுகைக் கூனி உட்கார்ந்திருக்கிறான், எல்லாம் கறுப்பு வெள்ளைதான். "உடம்பு ஓரத்தில் மெல்லிய வெளிச்சம் தெரிகிறதே, அது தாளில் இருக்கிறதா, என் கண்ணில் இருக்கிறதா?" என்பது அவர் கேள்வி.

வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா. 'அஸ்னியேரில் குளிப்பவர்கள்' என்ற 3 மீட்டர் அகல ஓவியத்துக்காக 1883-84 வாக்கில் போட்ட முன்வரைவு இது. இப்போது யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சூரா 1859இல் பாரிஸில் பிறந்தார், நுண்கலைப் பள்ளியில் படித்தார், பிரெஸ்ட் நகரில் ராணுவ சேவை செய்தார், திரும்பி வந்து இரண்டு வருடம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே கிடந்தார். புள்ளி புள்ளியாய் வண்ணம் வைத்துப் புகழ்பெற்றது அதற்கு அப்புறம். 31 வயதில் போய்விட்டார்.

இந்தப் படத்தில் கோடே கிடையாது. நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான். சூரா வாங்கியது வரிவரியாய்ப் புடைப்புள்ள சொரசொரப்பான தாள். கோன்தே என்ற கறுப்புக் குச்சியை லேசாகத் தேய்த்தால் மேடுகளில் மட்டும் கரி ஒட்டும், பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் கலந்து சாம்பல் நிறமாகிவிடும். அழுத்தினால் பள்ளத்திலும் கரி இறங்கும், இருட்டு கூடும்.

சரி, ஓரத்து வெளிச்சம்? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். விழித்திரையில் ஒவ்வொரு செல்லும் தனக்கு வந்த ஒளியை மூளைக்கு அப்படியே சொல்லிவிடுவதில்லை. பக்கத்துச் செல்லையும் கொஞ்சம் அமுக்கிவிடும். ஒரு கணக்கு போடுவோம். வெளிச்சப் பக்கம் ஒவ்வொரு செல்லுக்கும் 10, இருட்டுப் பக்கம் 2. ஒவ்வொன்றும் தன்னுடையதில் பத்தில் ஒரு பங்கை இரு பக்கத்து வீட்டிலிருந்தும் கழிக்கிறது. வெளிச்சத்தின் நடுவே இருப்பதற்கு மிஞ்சுவது 8. எல்லையில் இருப்பதற்கோ ஒரு பக்கம் பலவீனமான அயலார், அதனால் 8.8. இருட்டின் நடுவில் 1.6, எல்லையில் 0.8. ஆக, வெளிச்சம் எல்லையில் இன்னும் வெளுக்கிறது, இருட்டு இன்னும் கறுக்கிறது. தாளில் இல்லாத ஓரம் கண்ணில் முளைக்கிறது!

இதை நரம்பு நரம்பாய் அளந்து காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி ஹார்ட்லைன், குதிரைலாட நண்டின் கண்ணை வைத்து. (பெயர்தான் நண்டு, சொந்தம் சிலந்தியோடு.) நண்டுக் கண்ணுக்குப் பணமா என்று கேட்கிற அதிகாரி அன்று மேசையில் இருந்திருந்தால் 1967இன் நோபல் பரிசு ஹார்ட்லைனுக்குக் கிடைத்திருக்காது. வெள்ளைச் சுவர் முன் ஆளை நிற்கவைத்து, தலையைச் சுற்றி 'ஆரா' என்ற ஒளிவட்டம் தெரிகிறது என்று காசு வாங்குகிறவர்களும் கண் செய்கிற இதுபோன்ற வித்தையைத்தான் விற்கிறார்கள்.

ஆனால் இந்தப் படத்தில் சூராவும் ஓரத்தில் வெளிச்சம் கூட்டியிருக்கிறார். கண்ணே செய்கிற வேலையை அவர் ஏன் கையாலும் செய்ய வேண்டும்? ஆற்றங்கரை வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம் தாளின் வெள்ளைக்கும் கரிக்கும் இடையில் அடங்காது. அதனால் பையனின் உடம்பு வெளிச்சமாய் இருக்கும் இடத்தில் பின்னணியைக் கறுக்க வைத்தார், நிழலாய் இருக்கும் இடத்தில் வெளுக்க விட்டார். உங்கள் போனில் படத்தைக் கூர்மையாக்க 'ஷார்ப்பன்' அழுத்தினால் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். சாயப் பட்டறையில் வேலை பார்த்த வேதியியலாளர் செவ்ரல், பக்கத்து நிறம் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும் என்று 1839லேயே புத்தகம் போட்டிருந்தார். சூரா அதைப் படித்தவர்.

எது யாருடையது என்று நீங்களே பிரிக்கலாம். ஏறக்குறைய பின்னணியின் சாம்பல் நிறத்திலேயே ஒரு தாளைப் பையனின் உருவத்துக்கு வெட்டி, அவனை மட்டும் மூடிவிட்டுப் பின்னணியைப் பாருங்கள். அப்போதும் மிஞ்சுகிற வெளிச்சம் சூராவினுடையது. காணாமல் போனது உங்களுடையது.