எலிக்காய்ச்சல்: பெயர் சொல்வதும் சொல்லாததும்

மருத்துவச் சீட்டில் ‘லெப்டோஸ்பைரோசிஸ்’ என்று எழுதப்படும் நோய்க்குத் தமிழில் எலிக்காய்ச்சல் என்று பெயர். மலையாளத்தில் அது எலிப்பனி. திருவிதாங்கூரோடும், பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இணைந்திருந்த குமரி மாவட்டத்தில், குறிப்பாக எல்லையை ஒட்டிய விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில், இந்தப் பெயரும் காதில் விழும். பனி என்றால் குளிர்தானே, அது எப்படிக் காய்ச்சலாகும் என்று வட மாவட்டத்தார் வியக்கலாம். பனித்தல் என்பதற்கு நடுங்குதல் என்ற பொருள் பழந்தமிழிலேயே உண்டு. உடல் காய்வதை வைத்துக் காய்ச்சல் என்றனர்; உடல் நடுங்குவதை நோக்கினால் பனி என்பதும் பொருந்தும். குளிர்நடுக்கத்தோடு திடீரெனத் தொடங்கும் இந்த நோய்க்கு இரண்டுமே தகும்.

லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் பெயர் நோயாளியின் உடலைப் பார்த்து வைக்கப்பட்டதன்று. கிருமியின் உருவத்தைப் பார்த்து வைக்கப்பட்டது. கிரேக்கத்தில் ‘லெப்டோஸ்’ என்றால் மெல்லியது, லத்தீனில் ‘ஸ்பைரா’ என்றால் சுருள், ‘ஓசிஸ்’ நோய்நிலையைக் குறிக்கும் ஈறு. லெப்டோஸ்பைரா ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள சுருள் பாக்டீரியா என்பதால், சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. இருண்ட பின்னணியில் கிருமியை ஒளிரக் காட்டும் இருட்புல நுண்ணோக்கி வேண்டும். நோயின் கடுமையான வடிவத்தை 1886-இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வைல் விவரித்தார். 1907-இல் ஸ்டிம்சன் என்பவர், மஞ்சள் காய்ச்சலில் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத் திசுவில் கொக்கிபோல் வளைந்த முனையுடைய சுருள்களைக் கண்டு, கேள்விக்குறியை நினைவூட்டும் ‘இன்டெரோகன்ஸ்’ என்ற பெயரை இட்டார். நோய்க்குக் காரணம் ஒரு சுருள் கிருமிதான் என்பதை ஜப்பானில் இனாடாவும் இடோவும் நிறுவி 1916-இல் விரிவாக வெளியிட்டனர்.

இந்தப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘மென்சுருளி நோய்’ என்று வரும். இலக்கணப் பிழை இல்லை, பயனும் இல்லை. எலிக்காய்ச்சல் என்ற பெயரோ நோய் எங்கிருந்து வருகிறது என்பதைப் பாதியாவது சொல்லிவிடுகிறது. அந்தப் பாதியில்தான் சிக்கலும் இருக்கிறது. எலி கடித்து வருவது என்று பலர் எண்ணுகின்றனர். அது எலிக்கடிக் காய்ச்சல் எனப்படும் வேறொரு நோய், அதன் கிருமிகளும் வேறு. எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் இருந்து, தோலில் உள்ள வெட்டு, சிராய்ப்பு, கண், வாய், மூக்கு வழியாக உடலுக்குள் போகிறது. எலி மட்டுமே இதைச் சுமக்கிறது என்பதும் இல்லை. மாடு, பன்றி, நாய் ஆகியவையும் சிறுநீர் வழியே இக்கிருமியை வெளியேற்றக்கூடும்.

ஆகவே காய்ச்சலோடு வருபவரிடம் மருத்துவர் முதலில் கேட்கவேண்டியது, ‘எலி கடித்ததா?’ என்பதன்று; கடந்த 2 முதல் 30 நாள்களுக்குள் தேங்கிய நீரிலோ சேற்றிலோ இறங்கினீர்களா என்பதே. கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகமும் சேற்றில் இறங்கும் நாஞ்சில்நாட்டு உழவருக்கும், மாட்டுத்தொழுவத்தைக் கழுவுபவருக்கும், இரு பருவமழையிலும் ஓடை, சாக்கடை தூர்வாருபவருக்கும் இந்தக் கேள்வி தவறாமல் பொருந்தும். காய்ச்சல், தலைவலி, உடல்வலி ஆகியவை டெங்குவிலும், உண்ணிபோன்ற சிறு பூச்சி கடித்து வரும் ஸ்கரப் டைஃபஸிலும், டைஃபாய்டிலும் உண்டு. கெண்டைக்காலை அழுத்தினால் தாங்கமுடியாத வலி, பீளை தள்ளாமல் கண் சிவத்தல் ஆகிய இரண்டும் ஐயத்தை எலிக்காய்ச்சல் பக்கம் திருப்பும். இவை இல்லை என்பதால் மட்டும் நோய் இல்லை என்று ஆகாது.

பரிசோதனையில் நாள் கணக்கு முக்கியம். முதல் வாரத்தில் கிருமி இரத்தத்தில் இருப்பதால், அதன் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை உதவும். கிருமியை எதிர்த்து உடல் முதலில் உருவாக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்குப் பிறகே தெரியவரும் என்பதால், அதைத் தேடும் எலிசா சோதனை இரண்டாம் நாளில் ‘நெகட்டிவ்’ என்று வந்ததைக் காட்டி நோய் இல்லை என்று வீட்டுக்கு அனுப்புவது சரியாகாது. நோயாளியின் இரத்தநீரோடு கலந்தால் கிருமிகள் ஒட்டித் திரள்கின்றனவா என்று பார்க்கும், ‘மேட்’ எனப்படும் ஒட்டுத்திரட்சிச் சோதனையே அளவுகோலாகக் கருதப்படுகிறது. ஆனால் அதற்கு உயிருள்ள கிருமிகளை வளர்த்து வைத்திருக்கும் ஆய்வகமும், சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு இரத்த மாதிரிகளும் தேவை. அதுவரை மருந்து காத்திருக்கக் கூடாது. நோய் இலேசாக இருப்பின், பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை, ஏழு நாள் தரப்படுவது வழக்கம். கடுமையானால் மருத்துவமனையில் சேர்த்து இரத்தக்குழாய் வழியே பென்சிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன் செலுத்துவர். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் எந்த மருந்து என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

கண் மஞ்சளாகிவிட்டால் இன்னொரு சொல் குறுக்கே வருகிறது. காமாலை என்றதும் நம் வீடுகளில் பலருக்குக் கீழாநெல்லி நினைவுக்கு வரும். மஞ்சள் காமாலை என்பது தனி நோயின் பெயரன்று, பல நோய்களில் தோன்றும் ஓர் அறிகுறி. எலிக்காய்ச்சலில் அது வருவது பெரும்பாலும் வைல் நோய் எனப்படும் கடுநிலையில்; சிறுநீர் குறைவதும், மூச்சுத் திணறலும், இரத்தக்கசிவும் உடன் வரலாம். அப்போது நாட்டுமருந்துக்கு ஒதுக்கும் மூன்று நான்கு நாள்களுக்குள் சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸ் வரை போகநேரலாம்.

எனவே தமிழ் நிகராக எலிக்காய்ச்சல் என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து; கிருமியின் பெயர் லெப்டோஸ்பைரா என்றே இருக்கட்டும். துண்டறிக்கைகளில் இந்தப் பெயரை எழுதும்போது, எலி படத்துக்குப் பக்கத்தில் தேங்கிய நீரில் நிற்கும் வெறுங்காலையும் வரைந்துவிட்டால், பெயர் விட்டுவைத்த மறுபாதி நிறைந்துவிடும்.