மங்க் ஃப்ரூட்: அருகன் கனி

அம்மாவுக்குச் சர்க்கரை. காப்பியில் மட்டும் இனிப்பை விடமாட்டாள். அவளுக்காகப் போன மாதம் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் மங்க் ஃப்ரூட் தூள் ஒரு டப்பா வாங்கினேன். கடைப் பையன் அதை 'மங்கி ஃப்ரூட்' என்று பில்லில் ஏற்றினான். வீட்டுக்கு வந்தால் அக்கா, "மங்குஸ்தானா இது?" என்கிறாள். குரங்கும் இல்லை, மங்குஸ்தானும் இல்லை. ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கித் 'துறவிப் பழம்' என்கிறவர்களும் உண்டு. தப்பில்லை. ஆனால் நிழலைப் பார்த்துப் படம் வரைந்த மாதிரி இருக்கிறது.

பழத்தின் ஊர் தென் சீனம், குவாங்சி மாநிலம், குய்லின் பக்கத்து மலைச்சரிவுகள். சுரை, பூசணிக் குடும்பத்துக் கொடி. எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிதாய், பச்சையாய்க் காய்க்கும். பறித்தால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் சூட்டில் உலர்த்துவார்கள். உலர்ந்ததும் ஓடு பழுப்பேறி லேசாகிவிடும், விரலால் அழுத்தினாலே நொறுங்கும். அதை உடைத்துக் கொதிக்கவைத்து, இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் கஷாயமாகக் குடிப்பது அங்கே பழைய வழக்கம்.

அங்கே அதன் பெயர் 'லுவோஹான் குவோ'. குவோ என்றால் பழம். லுவோஹான் யார்? சீனப் புத்தர் கோவில்களில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பதினெட்டுச் சீடர்கள்தான் லுவோஹான்கள். சொல்லின் முழு வடிவம் 'அலுவோஹான்'. வடமொழி 'அர்ஹத்', 'அர்ஹன்' பௌத்தத்தோடு சீனம் போய், ரகரம் வராத நாக்கில் லகரமாகி, முதலெழுத்தையும் உதிர்த்துவிட்டது. அதே சொல் நம் பக்கம் வந்தபோது ஹகரம் ககரமானது, நடுவில் ஓர் உகரம் சேர்ந்தது: அருகன். சமணத்தை அறிந்த யாருக்கும் பழக்கமான பெயர். வேர்ச்சொல்லுக்குத் 'தகுதியுடைமை' என்று பொருள். 'அதைச் சொல்ல உனக்கு என்ன அருகதை இருக்கு?' என்று தெருச்சண்டையில் கேட்கிறோமே, அந்த அருகதையும் இந்த வேரில் முளைத்ததுதான்.

ஆகவே லுவோஹான் குவோவைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் 'அருகன் கனி'. என் ஓட்டு இதற்கே. ஒரு மறுப்பு வரலாம்: பௌத்தத்தில் அர்ஹத் என்பவர் விடுதலை பெற்ற அடியார், தமிழ்ச் சமணத்தில் அருகன் வணங்கப்படும் இறைவன், இரண்டும் ஒன்றா? ஒன்றில்லைதான். ஆனால் சொல் ஒன்றுதானே. 'துறவி' என்பது ஆங்கில வணிகப் பெயரின் மொழிபெயர்ப்பு மட்டுமே.

தாவரவியல் பெயரில் இதைவிடச் சுவையான கதை இருக்கிறது. 1941இல் ஸ்விங்கிள் என்ற அமெரிக்கத் தாவரவியலார் இதற்கு 'மொமோர்டிகா குரோஸ்வெனோரி' என்று பெயர் வைத்தார். குரோஸ்வெனர், நேஷனல் ஜியோகிராஃபிக் சங்கத்தின் தலைவர். மொமோர்டிகா? நம் பாகற்காயின் பேரினம்! பின்னாளில் செடியை 'சிரைட்டியா' என்ற வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் இனிப்புப் பொருளின் பெயரான 'மொக்ரோசைடு' பழைய பெயரின் இரு துண்டுகளை இன்னும் சுமக்கிறது: மொமோர்டிகாவின் 'மொ', குரோஸ்வெனரின் 'க்ரோ'. பொருத்தம்தான். பிஞ்சில் இந்தப் பழமும் கசக்கும். முற்ற முற்ற அந்தக் கசப்பு மூலக்கூறின் மேல் குளுக்கோஸ் ஒவ்வொன்றாய் ஒட்டிக்கொண்டு, ஐந்தாகும்போது நல்ல இனிப்பாகிறது.

பழத்திலிருந்து பிரித்தெடுக்கும் சாறு சர்க்கரையைப் போல 100 முதல் 250 மடங்கு இனிக்கும். மொக்ரோசைடு சிறுகுடலில் அநேகமாக உறிஞ்சப்படுவதில்லை, பெருங்குடல் நுண்ணுயிரிகள்தான் அதை உடைக்கின்றன. அதனால் கலோரி கணக்கில் வராது, இரத்தச் சர்க்கரையும் ஏறாது. புற்றுநோயைத் தடுக்கும், வீக்கத்தைக் குறைக்கும் என்று வாட்ஸப்பில் சுற்றுவதெல்லாம் ஆய்வுக்கூடக் குடுவையிலும் எலியிலும் பார்த்ததை வைத்துச் சொல்வது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 முதல் இந்தச் சாற்றுக்கு ஆட்சேபம் சொல்லவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ, பாதுகாப்பை முடிவு செய்யத் தரவு போதவில்லை என்று 2019இல் சொன்னது.

இங்கேதான் டப்பாவைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். முதலில் எரித்ரிட்டால் என்ற வேறொரு இனிப்புத் தூள், கடைசியில் மங்க் ஃப்ரூட் சாறு, அதுவும் நூற்றில் ஒரு பங்கு. ஏமாற்று என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. ஒரு கரண்டிச் சர்க்கரையின் இனிப்புக்குச் சில பத்து மில்லிகிராம் சாறு போதும். அதைக் கரண்டியில் எப்படி அள்ளுவது? அளவைக் கூட்ட ஒரு தூள் வேண்டும். ஆனால் படத்தில் இருப்பது பழம், காப்பியில் விழுவது பெரும்பாலும் எரித்ரிட்டால். இரத்தத்தில் அதன் அளவு கூடியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் என்று 2023இல் வந்த ஆய்வு சொன்னது. அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனாலும் இதய நோயாளிக்கு வாங்குகிறவர் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்கக்கூடாது. சிலருக்கு வயிறு உப்பவும் செய்யும்.

'ஸ்வீட்னர்' என்பதற்கு 'இனிப்பூட்டி' நல்ல தமிழாக இருக்கிறது. 'செயற்கைச் சர்க்கரை' என்று எழுதவேண்டாம், இது சர்க்கரையும் இல்லை, செயற்கையும் இல்லை. 'சீனத்துச் சீனி' என்று வேடிக்கையாகச் சொல்லலாம்தான். தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் வெள்ளைச் சர்க்கரையைச் சீனி என்பதே சீனத்தை வைத்து வந்த பெயர். கரும்பு விளையும் நாட்டில் சர்க்கரைக்குச் சீனப் பெயர், சீனத்துப் பழத்துக்கு ஆங்கிலப் பெயர்!

இமாச்சலத்தின் பாலம்பூரில் உள்ள அரசு ஆய்வு நிறுவனம் 2021இல் குல்லுப் பக்கம் இந்தக் கொடியை நட்டுப் பார்க்கத் தொடங்கியது. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இந்த விளக்கமே தேவைப்படாது. பானக் கடையில் 'லோ ஹான் கோ' என்று கேட்டால் கறுப்பாய், குளிர்ச்சியாய் ஒரு குவளை வரும்.

அம்மா டப்பாவை இரண்டு நாள் பயன்படுத்தினாள். "நாக்குல கடைசியில என்னமோ நிக்குது" என்று சொல்லிவிட்டு, இப்போது காப்பியை அரை டம்ளராக்கி அரைக் கரண்டிச் சீனி போட்டுக் குடிக்கிறாள்.