குழலின் முறுக்கும் குண்டின் நீளமும்

ஜனவரிக் காலை. துக்ளகாபாத்தில் உள்ள டாக்டர் கர்ணி சிங் துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு அண்ணன் மகளைக் கூட்டிப் போயிருந்தேன். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக டெல்லியில் கட்டிய இடம் அது. 50 மீட்டர் ரைபிளில் பயிற்சி எடுக்கிறாள். தோட்டாப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் கேட்டாள்: "சித்தப்பா, 40 கிரெயின்னு போட்டிருக்கு. இதைவிடக் கனமான குண்டு போட்டா காத்து அவ்வளவா தள்ளாதுல்ல?"

நல்ல கேள்வி. கிரெயின் என்பது தோட்டாவிலிருந்து பறந்து போகும் குண்டை எடைபோடும் சின்ன அலகு. 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான், சின்னக் காற்றுகூட அங்கே பெரிய விஷயம். ஒரே விட்டம், ஒத்த வடிவம் என்றால் கனமான குண்டு காற்றில் குறைவாகத்தான் விலகும். ஆனால் அதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தக் கனமான குண்டைப் போதுமான வேகத்தில் சுழற்ற இந்தக் குழலால் முடியுமா?

ரைபிள் குழலின் உட்சுவரில் சுருள் சுருளாகக் காடிகள் வெட்டியிருப்பார்கள். அவை குண்டைக் கவ்வித் திருப்பிக்கொண்டே வெளியே அனுப்பும். ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை அங்குலம் தேவையோ அதுதான் முறுக்கு அளவு. இவளுடைய .22 ரைபிள் (குழல் விட்டம் ஏறக்குறைய 0.22 அங்குலம்) வகைக்கு வழக்கமான அளவு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. எண் சிறியதானால் முறுக்கு இறுக்கம். குண்டு நொடிக்கு 1,070 அடி வேகத்தில் வெளிவந்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள், நிமிடத்துக்கு 48,000 சுற்றுக்கு மேல் வரும்.

இவ்வளவு சுழற்சி எதற்கு? அம்புக்குப் பின்னால் இறகு இருக்கிறது. அது வாலைப் பின்னாலேயே பிடித்து வைக்கும். கூர்மூக்குக் குண்டுக்கு அது கிடையாது. காற்றின் தள்ளுவிசை அதன் எடைமையத்துக்கு முன்னால், மூக்குப் பக்கமாக விழுகிறது. மூக்கு ஒரு இம்மி விலகினாலும் காற்று அதை இன்னும் விலக்கப் பார்க்கும். விட்டால் குண்டு குப்புறக் கவிழ்ந்து பக்கவாட்டில் பறக்கும். பம்பரத்தைக் கவிழ்க்கப் பார்க்கும் புவியீர்ப்பின் வேலையை இங்கே காற்று செய்கிறது. ஊரில் சாட்டை சுற்றிப் பம்பரம் விட்டவர்களுக்கு மீதியைச் சொல்லவே வேண்டாம். வேகமாகச் சுற்றும்வரை நிமிர்ந்து நிற்கும், தட்டினாலும் தலையை லேசாக ஆட்டிவிட்டுச் சமாளிக்கும். வேகம் குறைந்ததும் ஆட்டம் பெரிதாகிச் சாயும்.

இப்போது எடைக்கு வருவோம். குழலின் விட்டம் மாறாது. அதனால் எடையைக் கூட்ட வேண்டுமானால் குண்டை நீட்டத்தான் வேண்டும். நீண்ட குண்டைக் காற்று இன்னும் எளிதாகக் கவிழ்க்கும். மெலிந்து உயர்ந்த பம்பரம் நிற்கச் சிரமப்படுவதைப் போல. சிலர் 'இந்த எடைக்கு இந்த முறுக்கு' என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். பெட்டியில் எடைதான் அச்சிட்டிருக்கிறது, அதனால் வந்த பழக்கம். உண்மையில் முறுக்கைத் தீர்மானிப்பது நீளம். முழுக்கச் செம்பில் செய்த குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். எடையை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

1879-இல் ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் என்ற பிரிட்டிஷ் கணித அறிஞர் இதற்கு ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார். குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, மறுபடி 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் தேவையான முறுக்கு அங்குலத்தில் கிடைக்கும். 40 கிரெயின் .22 குண்டின் நீளம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 0.46 என்று வைத்துப் போட்டால் விடை 16-க்குப் பக்கத்தில் வருகிறது! ஈயக் குண்டுகளின் காலத்துச் சூத்திரம் இன்றும் இவ்வளவு பொருந்துவது எனக்குத் தீராத வியப்பு. இன்று வேகம், எடை, காற்றின் அடர்த்தி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நிலைப்பு எண் கணக்கிடுகிறார்கள். 1-க்குக் கீழே போனால் கவிழும், 1.5 இருந்தால் நிம்மதி.

காற்றின் அடர்த்தி சின்ன விஷயம் இல்லை. மே மாத டெல்லியின் 45 டிகிரியோடு ஒப்பிட்டால், ஜனவரியின் 5 டிகிரிக் காற்று சுமார் 14 சதவீதம் அடர்த்தி அதிகம். கோடையில் 1.1 என்று தாக்குப்பிடித்த குண்டு, மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், குளிரில் 0.96-க்கு இறங்கிவிடும். இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. அமெரிக்காவின் எம்16 ரைபிளுக்கு முதலில் 14 அங்குல முறுக்குதான் இருந்தது. கடுங்குளிர்ச் சோதனைகளில் குண்டுகள் நிலைகுலைந்ததால், 1960-களின் தொடக்கத்தில் அதை 12 ஆக இறுக்கினார்கள். 1980-களில் நீளமான புதுக் குண்டுகள் வந்தபோது 7 ஆக்கினார்கள்.

அப்படியென்றால் எல்லாக் குழலையும் இறுக்கி முறுக்கிவிடலாமே? கொஞ்சம் அதிகமானால் பெரிய கேடு இல்லை. ஆனால் எந்தக் குண்டும் நூறு சதவீதம் சமச்சீராக இருக்காது. சுழற்சி கூடக் கூட அந்தச் சின்னக் குறையும் பெரிதாகி, குறி சிதறும். மெல்லிய உறை போட்ட குண்டுகளை மிகையான சுழற்சி பறக்கும்போதே பிய்த்துவிடுவதும் உண்டு.

வீட்டிலேயே தோட்டாவுக்குக் குண்டு தேர்ந்து பொருத்தும் விளையாட்டு வீரர்கள் அமெரிக்கா போன்ற நாடுகளில் நிறைய. அவர்களுக்கு இதெல்லாம் அன்றாடக் கணக்கு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். நமக்கு இந்தக் கணக்கு, வாங்கும் தோட்டா குழலுக்குப் பொருந்துமா என்று பார்க்கத்தான்.

சரி, அவள் கேள்விக்கு வருகிறேன். .22 அளவில் 60 கிரெயின் தோட்டாவும் சந்தையில் உண்டு. நீளம் ஒன்றரை மடங்கு என்றால், கிரீன்ஹில் கணக்குப்படி முறுக்கு 11 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். 16 அங்குலக் குழலில் சுட்டால், பலமுறை அது பக்கவாட்டில் பாய்ந்து, அட்டையில் வட்டத்துக்குப் பதில் சாவித்துவாரம் போல நீண்ட ஓட்டை போடும்.

"நம்ம குழல் 16தான்னு எப்படி நம்புறது?" என்றாள். பயிற்சி முடிந்து, தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, குழலின் பின்வாயை மூடும் போல்ட்டையும் கழற்றிவைத்தோம். கைப்பிடி சுழலும் துடைப்புக் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் நுழைத்தோம். கம்பியின் மேல்பக்கம் ஒரு புள்ளி வைத்து மெல்லத் தள்ளினாள். கம்பி தானாகத் திரும்பியது. புள்ளி கீழே போய், மறுபடி மேலே வந்ததும் நிறுத்தி, உள்ளே போன நீளத்தை அளந்தாள். 16 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு.