மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது?

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தத் தினமும் போட வேண்டிய ஏ.ஆர்.டி. மாத்திரையை விட்டுவிட்டுப் போடுகிறவரிடம் ஆலோசகர்கள் வழக்கமாகக் கேட்பது, "ஏன் போடலை?" வரும் பதிலும் வழக்கமானதுதான்: "மறந்துட்டேன்க்கா." கடலூரில் இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் அதை நம்பி, செல்போனில் அலாரம் வைத்துக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது வேறு கேள்வி கேட்கிறேன். "மாத்திரை டப்பாவை எங்கே வெச்சிருக்கீங்க?"

ஆண்களோடு உறவில் இருக்கும் ஆண்கள் இதற்குச் சொல்லும் பதில்களில் மறதியே கிடையாது. (ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) ஒருவர் கடைக் கல்லாவுக்குப் பின்னால் வைத்திருந்தார். ஞாயிறு கடை லீவு, அன்றைக்கு மாத்திரையும் லீவு. சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் நான்கு பேரோடு ஒரே அறையில் இருக்கிறார். டப்பா குலுங்கினால் சத்தம் கேட்குமே என்று உள்ளே பஞ்சை அடைத்து வைத்திருந்தார். கல்யாணமான இன்னொருவர் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். டப்பாவிலேயே 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறது. கத்திரி வெயிலில் நிற்கிற வண்டிக்குள் அந்த மாத்திரை என்ன பாடுபடும்?

இவர்களுக்குப் பயம் இரண்டு மடங்கு. "எச்.ஐ.வி.ன்னு தெரிஞ்சா எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்றது?" என்றார் ஸ்கூட்டர்காரர். நோயை மறைப்பது, தன்னையே மறைப்பதற்காக.

அவரிடம் இன்னொன்றும் தெரிந்தது. ராத்திரி சாப்பிட்டபின்தான் போட வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தார். எஃபவிரென்ஸ் கலந்த பழைய மாத்திரைக்குத் தலைசுற்றல் வரும், அதனால் படுக்கும்முன் போடச் சொன்னோம். இப்போது பெரும்பாலானவர்களுக்குத் தரும் டி.எல்.டி. என்ற கூட்டு மாத்திரையில் அதற்குப் பதில் டொலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கிறது. நாளுக்கு ஒன்று, காலையோ மாலையோ, சாப்பிட்டோ சாப்பிடாமலோ போடலாம். தினமும் ஒரே நேரமாக இருந்தால் நல்லது. இரும்புச்சத்து, கால்சியம், அல்சர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லிவிடுங்கள். சில மருந்துகளோடு சேர்த்துப் போட்டால் டொலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது, இடைவெளி விட வேண்டும். வீடு நிறைந்திருக்கும் ராத்திரியை விட்டுவிட்டு, தனியாக இருக்கும் காலை நேரத்துக்கு மாற்றினோம். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

மீதிப் பாதி அவர் மனைவி. அந்த அம்மாவுக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம் வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் தன் ஈர்ப்பைப் பற்றியும் அன்றைக்கே வீட்டில் சொல்லியாக வேண்டும் என்று யாரையும் நெருக்கமாட்டேன். சிகிச்சை எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் அது மற்றவருக்குப் பரவாது. இதைக் கேட்டதும் ஸ்கூட்டர்காரர் அழுதுவிட்டார். மாத்திரை ஏன் என்று இத்தனை நாள் திட்டித் திட்டிச் சொன்னோமே, இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா?

கடலூர்க்காரர் புதுச்சேரியில் மாத்திரை வாங்குவதும், புதுச்சேரிக்காரர் கடலூருக்கு வருவதும் எனக்குப் பழகிப்போன விஷயம். இரண்டு ஊருக்கும் நடுவில், எல்லையில் இருக்கும் முள்ளோடையில் எதிரெதிர் பஸ்களில் ஒருவரையொருவர் கடந்திருப்பார்கள். உள்ளூரில் தெரிந்த முகம் இருக்கும் என்ற பயம். அதைக் குறை சொல்லாமல், முறையாக டிரான்ஸ்பர் வாங்கிப் போங்கள் என்கிறேன். உடல்நிலை சீராக இருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட மாதங்களுக்குச் சேர்த்துத் தர முடியுமா என்றும் கேளுங்கள். ஒருநாள் கூலி போகிறதே என்று ஒரு மாதம் தவறினால் வைரஸ் மறுபடி தலைதூக்கும், மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும். ஒரு மருத்துவமனை வரிசையில் ஊழியர் ஒருவர் ஒரு பையனைப் பார்த்து, "நீ ஆம்பளையா பொம்பளையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அந்தப் பையன் பல மாதம் வரவில்லை. வந்தபோது காசநோயோடு வந்தான். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொத்து வைத்துக்கொள்ளும் தன்பால் உறவு குற்றமில்லை என்றது. நான்கே நாளில், 10ஆம் தேதி, எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பாகுபடுத்துவதைத் தடைசெய்யும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த ஊழியருக்கு இரண்டுமே தெரியாது. நான் எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்கிறேன்: "உங்க உறவு ஆணோடா, பெண்ணோடா, திருநங்கையோடா?" சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிற அதே குரலில் கேட்டால் போதும், சொல்லிவிடுவார்கள். நேரில் வரத் தயங்குகிறவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

அப்புறம் இரண்டாவது கேள்வி ஒன்று இருக்கிறது: "உங்களைப் பத்தி முழுசாத் தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர் இருக்காங்களா?" ஸ்கூட்டர்காரர் வெகுநேரம் யோசித்து, தேவனாம்பட்டினத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார் என்றார். டப்பா இப்போது அந்த அண்ணன் வீட்டு அலமாரியில். வாரத்துக்கு ஏழு மாத்திரையை மட்டும் சின்ன டப்பியில் எடுத்துப் போகிறார். காலையில் போட்டதும் அண்ணனுக்கு ஒரு மிஸ்டு கால். எட்டு மணிக்குள் வராவிட்டால் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கே வந்துவிடுகிறாராம்.