வாடகைக் கணக்குக்குள் ஒரு வாக்குரிமை: ஒன்ராறியோவின் வணிக மேம்பாட்டுச் சங்கங்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் சிறு வணிகர்களின் கணக்குகளைப் பார்க்கும் என் தொழிலில், ஆண்டுதோறும் தவறாமல் என் மேசைக்கு வரும் ஒரு கேள்வி உண்டு. கட்டட உரிமையாளர் அனுப்பிய ஆண்டிறுதிக் கணக்கைக் கொண்டுவருவார்கள். வாடகைக்கு மேலாகச் சொத்து வரி, பராமரிப்பு, காப்புறுதி ஆகியவற்றுக்காகச் செலுத்தும் தொகையின் விவரம் அது. நம் வணிகர்கள் அதைச் சுருக்கமாக டி.எம்.ஐ. என்பார்கள். அதிலே ஒரு வரியில் விரலை வைத்து, “இந்த பி.ஐ.ஏ. என்பது என்ன, இதை நான் ஏன் கட்ட வேண்டும்?” என்று கேட்பார்கள்.

பதினொரு ஆண்டுகளாக ஒரே பிரதான வீதியில் தையற்கடை நடத்திவந்த ஒருவர் இதைக் கேட்டபோது, அந்தப் பணம் அவர் பகுதியின் வணிகர் சங்கத்துக்குப் போகிறது என்றும், அதைச் செலுத்துவதால் அவரும் அந்தச் சங்கத்தின் உறுப்பினர் என்றும், அதன் நிர்வாக சபையைத் தேர்ந்தெடுக்க அவருக்கு ஒரு வாக்கு உண்டு என்றும் சொன்னேன். அவர் நம்பவில்லை. சங்கத்தின் கூட்டங்கள் கட்டட உரிமையாளர்களுக்கானவை என்றே அவ்வளவு காலமும் எண்ணியிருந்தார். இதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. பதினொரு ஆண்டுகளில் ஒருவரும் அவரிடம் இதைச் சொல்லியிருக்கவில்லை. ரொறன்ரோவின் புறநகர்களிலுள்ள பழைய கடைவீதிகளில் வாடகைக்கு இருக்கும் நம் வணிகர்கள் பலரின் நிலையும் இதுவே என்பதால், எனக்குத் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வர்த்தக சம்மேளனம் வேறு, வணிக மேம்பாட்டுப் பகுதி வேறு. சம்மேளனத்தில் விரும்பியவர்கள் சந்தா செலுத்திச் சேர்கிறார்கள், விருப்பமில்லாவிட்டால் விலகிக்கொள்கிறார்கள். பி.ஐ.ஏ. என்ற வணிக மேம்பாட்டுப் பகுதியோ, நகரசபை ஒரு துணைச்சட்டத்தின் மூலம் எல்லை வகுத்து உருவாக்குவது. அந்த எல்லைக்குள் வணிக வகைச் சொத்து வைத்திருப்பவர்களும் அதில் வாடகைக்கு இருப்பவர்களும் தாமாகவே உறுப்பினர்களாகிறார்கள். சேர்வதற்கு விண்ணப்பமும் இல்லை, விலகுவதற்குக் கடிதமும் இல்லை. கட்டாயமாகப் பணம் வாங்கும் அமைப்பு என்பதாலேயே அதன் மீது நமக்கு உரிமைகளும் உண்டு.

இந்த ஏற்பாடு பிறந்தது ரொறன்ரோவில்தான் என்பதும் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கிறது. 1964-இல் யோர்க்டேல் பேரங்காடி திறக்கப்பட்டது. இலவச வாகனத் தரிப்பிடமும் குளிருக்குள் நடக்க வேண்டாத வசதியும் வாடிக்கையாளர்களை அங்கே இழுத்தன. 1966-இல் புளோர்-டான்ஃபோர்த் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியதும், அதுவரை ட்ராம் வண்டியில் கடைகளைப் பார்த்தபடி சென்றவர்கள் நிலத்தடியில் கடைகளைக் கடந்து போய்விட்டார்கள். புளோர் வீதியின் மேற்குப் பகுதி வணிகர்கள் ஒன்றுகூடி வீதியை அழகுபடுத்த முயன்றபோது, எல்லாத் தன்னார்வச் சங்கங்களுக்கும் நேர்வதே அவர்களுக்கும் நேர்ந்தது: சிலர் பணம் கொடுத்தார்கள், பலன் எல்லோருக்கும் போனது. ஆகவே எல்லோரிடமும் வரியோடு சேர்த்து ஒரு தொகை அறவிட வழி செய்யுமாறு அரசைக் கேட்டார்கள். மாகாணம் சட்டம் இயற்றியது. 1970-இல் புளோர் மேற்குக் கிராமம் உலகின் முதல் வணிக மேம்பாட்டுப் பகுதியானது. பின்னர் இந்த முறை பல நாடுகளுக்கும் பரவியது.

புறநகர்களுக்கு இதே சோதனை சில ஆண்டுகள் கழித்து வந்தது. மிசிசாகாவின் ஸ்குவயர் வண், ஸ்காபறோ டவுன் சென்டர் ஆகிய இரண்டு பேரங்காடிகளும் 1973-இல் திறந்தவை. அதற்கு அடுத்த ஆண்டில், அதுவரை தனி நகரங்களாக இருந்த ஸ்ட்ரீட்ஸ்வில்லும் போர்ட் கிரெடிட்டும் மிசிசாகாவோடு இணைக்கப்பட்டன. ஒரு காலத்தில் ஊரின் நடுவாக இருந்த வீதிகள் இவ்வாறு ஒரு பெருநகரத்தின் ஓரங்களாகிவிட்டன. இன்று அவை தம் பெயரையும் முகத்தையும் ஓரளவு காத்துக்கொண்டிருப்பதில் அங்குள்ள பி.ஐ.ஏ.க்களுக்குக் கணிசமான பங்கு உண்டு என்பது என் கருத்து. அமெரிக்காவிலும் இதற்கு நெருங்கிய முயற்சி ஒன்று நடந்தது. வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை 1977-இல் கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று சிறு நகரங்களில் தொடங்கிய பிரதான வீதித் திட்டம் அது. ஒவ்வொரு வீதிக்கும் அதையே முழுநேர வேலையாகக் கவனிக்கும் ஒருவர் வேண்டும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. கடையைப் பூட்டிவிட்டு வருகிற வணிகர்களின் ஓய்வுநேரத்தை மட்டும் நம்பிய சங்கங்கள் எவ்வளவு விரைவில் சோர்ந்துபோகின்றன என்பதைக் கண்டவன் என்ற முறையில், அது சரியான முடிவென்றே சொல்வேன்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். ரொறன்ரோ மாநகரத்துக்கு 2006-ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு. மார்க்கம், மிசிசாகா, பிராம்டன் போன்ற ஏனைய நகரங்களுக்கு 2001-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் பொருந்தும். அதன் 204-ஆம் பிரிவிலிருந்து பி.ஐ.ஏ. பற்றிய விதிகள் தொடங்குகின்றன. பொதுச் செலவில் நகரசபை செய்யும் பராமரிப்புக்கு மேலதிகமாக அப்பகுதியின் பொது இடங்களை மேம்படுத்துவதும், அப்பகுதியை ஒரு வணிக இடமாக மக்களிடம் எடுத்துச் செல்வதும் நிர்வாக சபையின் இரண்டு பணிகள். சபை உறுப்பினர்களில் ஒருவரையோ சிலரையோ நகரசபை நேரடியாக நியமிக்கிறது. பெரும்பாலும் அப்பகுதியின் நகரசபை உறுப்பினரே அந்த இடத்துக்கு வருவார். மற்றவர்களை வணிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க, நகரசபை அவர்களை நியமிக்கிறது.

அந்த வாக்கைப் பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருவர் ஐந்து கட்டடங்களுக்குச் சொந்தக்காரராக இருந்தாலும் அவருக்கு ஒரே வாக்கு; அவருடைய கட்டடத்தின் ஒரு மூலையில் வாடகைக்கு இருக்கும் தையற்கடைக்காரருக்கும் ஒரு வாக்கு. கடை நிறுவனமாகப் பதிவாகியிருந்தால், நிறுவனத்தின் சார்பில் வாக்களிக்க ஒருவரை எழுத்துமூலம் நியமிக்க வேண்டும். இந்தச் சிறு கடிதத்தைக் கொண்டுபோகாததால் கூட்டம் வரை போயும் வாக்களிக்காமல் திரும்பிய வாடிக்கையாளர்கள் எனக்கு உண்டு. உங்கள் பெயர் வாடகைதாரர் பட்டியலில் இல்லையென்று சொல்லப்பட்டாலும் மனந்தளர வேண்டாம். தாம் வாடகைதாரர் என்று ஒருவர் செய்யும் உறுதிமொழியை நகரசபையின் எழுத்தர் ஏற்றுக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது.

அறவிடும் முறை பலரும் நினைப்பதைவிட எளிமையானது. வழக்கமான முறையில், அங்கீகரிக்கப்பட்ட தொகை, எல்லைக்குள் இருக்கும் வணிகச் சொத்துக்களின் மதிப்பீட்டுக்கு ஏற்பப் பிரிக்கப்படுகிறது. கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு: அறவிட வேண்டியது 2,00,000 டொலர், எல்லாச் சொத்துக்களின் மொத்த மதிப்பீடு 10 கோடி டொலர் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் டொலர் மதிப்புள்ள கட்டடத்தின் பங்கு ஆண்டுக்கு 2,000 டொலர். அக்கட்டடத்தின் கால்பகுதியில் வாடகைக்கு இருப்பவரின் டி.எம்.ஐ. கணக்கில் 500 டொலர் வர வேண்டும். வந்திருப்பது 700 என்றால், காலியாக இருக்கும் பக்கத்துக் கடையின் பங்கும் உங்கள் தலையில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் லீஸ் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. சொத்து வரிப் பற்றுச்சீட்டின் பிரதியைக் கட்டட உரிமையாளரிடம் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அந்த 2,00,000 டொலரை எதற்குச் செலவிடுவது என்பதை நிர்வாக சபை தன் விருப்பப்படி தீர்மானிக்க முடியாது. வரவுசெலவுத் திட்டத்தைத் தயாரித்து, உறுப்பினர்களின் கூட்டத்தில் முன்வைத்துப் பேசிய பிறகே நகரசபைக்கு அனுப்ப வேண்டும். நகரசபை அதை முழுமையாகவோ பகுதியாகவோ அங்கீகரிக்கலாம். தானாக ஒரு செலவைச் சேர்க்க முடியாது. திட்டத்தில் இல்லாத செலவை நிர்வாக சபை செய்யக் கூடாது, கடன் வாங்கவும் கூடாது. கணக்குகளைத் தணிக்கை செய்பவர் நகரசபையின் தணிக்கையாளர். பி.ஐ.ஏ. சட்டப்படி நகரத்தின் உள்ளூர்ச் சபைகளில் ஒன்று என்பதால், அதன் கூட்டங்கள், சட்டம் அனுமதிக்கும் சில விடயங்கள் நீங்கலாக, பொதுமக்களுக்குத் திறந்தவையாக இருக்க வேண்டும். சபை உறுப்பினர் ஒருவருக்குப் பணரீதியான ஆதாயம் உள்ள தீர்மானத்தில் அவர் அதை வெளிப்படுத்தி விலகியிருக்க வேண்டும். பூந்தொட்டி ஒப்பந்தம் யாருக்குப் போனது என்ற கேள்வி வீதியில் முணுமுணுப்பாகவே கிடந்து மனக்கசப்பாக முற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் எழுந்து கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும்.

பணம் எங்கே போக வேண்டும் என்பதில் எனக்குச் சில உறுதியான எண்ணங்கள் உண்டு. பூந்தொட்டிகளும் விளக்குக் கம்பங்களில் தொங்கும் பதாகைகளும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை கண்ணுக்குத் தெரிவதால் முதலில் பணம் பெறுகின்றன, பின்பக்க வாகனத் தரிப்பிடத்தின் இருட்டு தெரியாததால் கடைசிக்குப் போகிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் நாட்டில், தரிப்பிடத்திலிருந்து கடைவாசல் வரை வெளிச்சமும் உப்புத் தூவிய நடைபாதையும் இருந்தால், முதியவர்கள் அந்த வீதிக்கு வரத் தயங்கமாட்டார்கள். வீதியை மூடி நடத்தும் விழாக்களைப் பற்றியும் நிதானமாக யோசிக்க வேண்டும். உணவகங்களுக்கு அது நல்ல நாள். தைத்த உடையை வாங்கவோ மருந்து எடுக்கவோ காரில் வருகிற வாடிக்கையாளரை நம்பியிருக்கும் கடைக்கு, வாரத்தின் மிக முக்கியமான சனிக்கிழமை கைவிட்டுப் போகிறது. ஒரு சங்கத்தில், விழாவுக்கு முன்னும் பின்னும் உறுப்பினர்களின் விற்பனை எப்படி இருந்தது என்று கேட்டு எழுதிவைக்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு வீதி முழுவதையும் மூடாமல் ஒரு பகுதியை மட்டும் மூடினார்கள். வந்த கூட்டம் குறையவில்லை, முறைப்பாடுகள் வெகுவாகக் குறைந்தன.

ஆனால் ஒரு சங்கத்தின் உண்மையான பயன் வீதி தோண்டப்படும்போதுதான் தெரிகிறது. ரொறன்ரோவின் எக்ளிண்டன் வீதியில் இலகு ரயில் பாதையின் கட்டுமானம் 2011-இல் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் நீண்டது. அவ்வீதியில் கடை வைத்திருந்தவர்கள் பட்ட பாடு நாம் அறிந்ததே. போர்ட் கிரெடிட்டிலிருந்து பிராம்டனின் தென்பகுதி வரை ஹூரொன்டாரியோ வீதியிலும் 2020-இலிருந்து அதே போன்ற வேலை நடந்துவந்திருக்கிறது. இப்படியான காலத்தில் ஒரு தனிக் கடைக்காரர் ஒப்பந்தக்காரரைத் தொலைபேசியில் அழைத்தால் குரலஞ்சலே பதில் சொல்லும். நூற்றைம்பது கடைகளின் சார்பில் ஒரு சங்கம் பேசினால், எந்த வாரம் எந்த நடைபாதை மூடப்படும் என்ற அட்டவணை வரும். சரக்கு இறக்கும் நேரத்துக்கு ஓர் இடைவெளி ஒதுக்கப்படும். கடைகள் திறந்திருக்கின்றன என்ற அறிவிப்புப் பலகை வேலியின் மீது ஏறும். இவை சிறிய சலுகைகளாகத் தோன்றலாம். வாரத்துக்கு இரண்டு நாள் வாசல் மறைக்கப்பட்ட ஒரு பேக்கரியின் கணக்கை மாதம் மாதமாகப் பார்த்தவனுக்கு அவை சிறியவை அல்ல.

இதில் ஒரு முரண்பாட்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீதி மேம்பட்டால் சொத்தின் மதிப்பு உயரும். சொத்தின் மதிப்பு உயர்ந்தால் வாடகை உயரும். ஒன்ராறியோவில் வணிக இடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு கிடையாது. மேம்பாட்டுக்குப் பணம் செலுத்திய வணிகரே, லீஸ் முடியும்போது அந்த மேம்பாட்டின் காரணமாக வெளியேற நேரலாம். இதைத் தடுக்கும் அதிகாரம் எந்த பி.ஐ.ஏ.க்கும் இல்லை. ஆனால் வாடகைதாரர்கள் கணிசமாக இருக்கும் நிர்வாக சபை, லீஸ் புதுப்பிப்பு பற்றிய பயிற்சி வகுப்பு, ஒரு மணிநேரச் சட்ட ஆலோசனை, கடைமுகப்பைச் செப்பனிட நகரசபை தரும் மானியத்தைப் பற்றிய தகவல் ஆகியவற்றுக்குத் தன் நேரத்தையும் பணத்தையும் ஒதுக்குகிறது. உரிமையாளர்களே நிறைந்த சபைக்கு அந்த எண்ணம் வருவது அரிது. அதற்கு நான் தீய நோக்கத்தைக் கற்பிக்கவில்லை. தமக்கு வராத வலி அவர்கள் நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவே.

வாடகைதாரர்கள் ஏன் சபையில் குறைவாக இருக்கிறார்கள் என்று யோசித்தால், முதற் காரணம் கடிதத்தின் பாதை. புதிய பகுதியை உருவாக்கவோ எல்லையை மாற்றவோ நகரசபை அனுப்பும் அறிவித்தல் சொத்து உரிமையாளருக்கே தபாலில் போகிறது. சொத்து வரியில் பங்கு செலுத்தும் வாடகைதாரர்களுக்கு அவர் 30 நாளுக்குள் பிரதி கொடுக்க வேண்டும், அவர்களின் பட்டியலை எழுத்தருக்கும் அனுப்ப வேண்டும் என்பது விதி. இந்த விதி எத்தனை இடங்களில் மறக்கப்படுகிறது என்பதைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன். அந்த அறிவித்தல் மிக முக்கியமானது. புதிய பகுதி ஒன்று முன்மொழியப்படும்போது, 60 நாளுக்குள் அறிவித்தல் பெற உரியவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் எழுத்துமூலம் ஆட்சேபித்து, அவர்கள் அப்பகுதியின் வணிகச் சொத்து வரியில் மூன்றில் ஒரு பங்கையாவது சுமப்பவர்களாகவும் இருந்தால், நகரசபை அதை நிறைவேற்ற முடியாது. கடிதம் உரிமையாளரின் மேசையிலேயே தங்கிவிட்டால், ஆதரிக்கவும் எதிர்க்கவும் உங்களுக்கு இருந்த காலம் உங்களுக்குத் தெரியாமலே கழிந்துவிடும்.

இரண்டாவது காரணம் மொழியும் நேரமும். காலை எட்டு மணிக் கூட்டம் பேக்கரிக்காரருக்குப் பொருந்தாது. மாலை ஆறு மணிக் கூட்டம் உணவகத்துக்குப் பொருந்தாது. அறிவித்தல்கள் ஆங்கிலத்தில் மட்டும் வரும் வீதிகளில் பாதிக் கடைகள் தமிழிலும் சீனத்திலும் பஞ்சாபியிலும் வியாபாரம் செய்கின்றன. கூட்ட நேரத்தை மாறி மாறி வைக்கவும், ஒரு பக்கச் சுருக்கத்தைப் பல மொழிகளில் தரவும் சங்கத்தைக் கேட்பது நியாயமான கோரிக்கை; செலவும் அதிகமில்லை.

தையற்கடைக்காரர் அந்த ஆண்டின் இறுதிப் பகுதியில் நடந்த வரவுசெலவுக் கூட்டத்துக்குப் போனார். முதல் கூட்டத்தில் அவர் ஒன்றும் பேசவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு முன், வரைவுத் திட்டத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி என்னிடம் கொண்டுவந்தார். இருவரும் அமர்ந்து வரிவரியாகப் பார்த்தோம். பின்பக்கத் தரிப்பிட விளக்குகளுக்கு அதில் ஒன்றும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. அவர் பக்கத்துக் கடைகள் ஆறிடம் பேசி, ஆறு பேரையும் அழைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார்.