காரம் பாலில் இறங்கும், மணம் ஆவியில் ஏறும்: மழைக்காலக் காபியின் வேதியியல்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் காவிரிக் கரை ஊர்களில் காபியின் குணமும் கொஞ்சம் மாறிவிடும். வெறும் பில்டர் காபியைத் தவிர வேறு எதையும் தொடாதவர்கள்கூட, தொண்டை கட்டிக்கொண்ட நாளில் ஒரு துண்டுச் சுக்கையும் நாலு மிளகையும் தட்டிப் போட்டுக் குடிப்பார்கள். சிலர் ஏலக்காயும் சேர்ப்பார்கள். மார்கழிப் பனி விலகும்வரை இது நடக்கும். டெல்டா நெல் விளையும் பூமி. காபிக்கொட்டையும் மிளகும் ஏலமும் மலைநாட்டிலிருந்துதான் இங்கே வந்து சேர வேண்டும். விலை கொடுத்து வாங்கிய அந்தச் சரக்கு வீணாவது பெரும்பாலும் அடுப்பங்கரையில்தான்: ஒன்று, பால் திரிந்துபோகிறது, இல்லையென்றால் காரமும் மணமும் ஏறாமல் டம்ளரின் அடியில் மண்டி மட்டும் மிஞ்சுகிறது. இரண்டுக்கும் காரணம் அளவு அல்ல, சேர்க்கும் வரிசை.

காபியின் ஊக்கப்பொருளான கஃபீனும் மிளகின் காரப்பொருளான பைபரினும் ஒரே ஆண்டில், 1819இல், தனித்தனியே பிரித்தெடுக்கப்பட்டன. முன்னதைப் பிரித்தவர் ஜெர்மானியரான ரூங்கே. பின்னதைப் பிரித்தவர் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புகிறது என்று மறு ஆண்டில் கண்டறிந்தவரும் இதே ஓர்ஸ்டெட்தான். கண்டறியப்பட்ட காலத்தில் இரட்டைப் பிள்ளைகளாக இருந்தாலும், தண்ணீரோடு பழகும் விதத்தில் இவ்விரண்டும் நேரெதிரானவை. சாதாரண வெப்பநிலையில் 1 லிட்டர் நீரில் ஏறத்தாழ 20 கிராம் கஃபீன் கரையும். நீர் கொதிநிலையை எட்டும்போது அந்த அளவு 600 கிராமைத் தாண்டிவிடும். பைபரினோ 18 டிகிரி செல்சியஸில் 1 லிட்டர் நீரில் வெறும் 40 மில்லிகிராம்தான் கரைகிறது. சூட்டில் இது கூடும் என்றாலும் கஃபீனின் பக்கத்தில் வராது. பைபரினுக்குப் பிடித்த இடம் கொழுப்பு.

ஆகவே மிளகுப் பொடியைக் காபிப் பொடியோடு கலந்து பில்டரின் மேல் பாத்திரத்தில் போடுவதில் பயன் குறைவு. கொதிநீர் பொடியின் ஊடே ஒருமுறை மெல்ல வடிந்து இறங்குகிறது. அந்த ஒரு பயணத்தில் கஃபீன் தாராளமாக வந்துவிடும், மிளகின் காரத்தில் பெரும்பகுதி மேலேயே தங்கிவிடும். சுக்குப் பொடியைப் போட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. காய்ந்த இஞ்சியின் எடையில் ஏறக்குறைய பாதி மாவுச்சத்து. கொதிநீர் பட்டதும் அந்த மாவுமணிகள் நீரை உறிஞ்சி உப்பிப் பசையாகிப் பில்டரின் கண்களை அடைத்துக்கொள்ளும். அதன்பின் பில்டரைத் தட்டினாலும் சொட்டு இறங்காது. டிகாக்‌ஷன் டிகாக்‌ஷனாகவே இறங்கட்டும். சுக்குக்கும் மிளகுக்கும் உரிய இடம் பால் பாத்திரம்.

ஆனால் பாலில் நேராகப் போடுவதற்கு முன் ஒரு படி இருக்கிறது. இஞ்சியில் புரதத்தை வெட்டும் நொதி ஒன்று உண்டு. பப்பாளிக் காயைக் கீறினால் வடியும் பாலில் உள்ள நொதிக்கு அது உறவு. பாலின் கேசீன் புரதம் சிறு உருண்டைகளாக ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதப்பதால்தான் பால் பாலாக இருக்கிறது. நொதி அந்த உருண்டைகளின் மேற்புறத்தைச் சிதைத்தால் அவை ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். 60 முதல் 70 டிகிரி வரையிலான சூட்டில் இந்த நொதி மும்முரமாக வேலை செய்யும். நன்றாகக் கொதித்தால் செயலிழந்துவிடும். பச்சை இஞ்சியில் இந்த ஆபத்து மிகுதி, சுக்கில் குறைவு. எதுவானாலும் தட்டியதை அரை டம்ளர் தண்ணீரில் சில நிமிடங்கள் கொதிக்கவிட்டு, பிறகு பாலை ஊற்றினால் திரியாது. அதன்பின் தீயைத் தணித்து ஐந்து நிமிடம் வைத்திருந்தால் பாலின் கொழுப்பு தன் வேலையைச் செய்யும். 4.5 சதவீதக் கொழுப்புள்ள பாலில் வரும் காரம், 3 சதவீதப் பாலில் வருவதைவிடச் சற்றே உருண்டையாக, நாக்கைக் குத்தாமல் பரவும்.

சுக்கு என்பது வெறுமனே தண்ணீர் வற்றிய இஞ்சி அல்ல. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால், காயும்போதும் சூடாகும்போதும் ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகால் என்ற வேறொரு பொருளாகிறது. ஷோகாலின் காரம் ஜிஞ்சராலைவிட இரு மடங்குக்கும் மேல். சுக்கு தொண்டையில் இறங்கியபின்னும் நெடுநேரம் உறைப்பது இதனால்தான். ‘சுக்குக்குப் புற நஞ்சு, கடுக்காய்க்கு அக நஞ்சு’ என்று சித்த மருத்துவத்தில் ஒரு வழக்கு உண்டு. நஞ்சு என்பது பெரிய சொல்தான். என்றாலும் பூச்சி அரிக்காமலிருக்கச் சுக்கின் மேல் சுண்ணாம்பு பூசி விற்கும் வழக்கம் இருப்பதால், தோலைச் சுரண்டிவிட்டுத் தட்டுவது நியாயமான யோசனையே.

வெல்லம் போடுகிறவர்கள் இன்னொரு கண்டத்தைக் கடக்க வேண்டும். பாலின் அமிலகாரக் குறியீடு (pH; இது இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) 6.7 அளவில் இருக்கும். வெல்லமும் கருப்பட்டியும் அதைவிடப் புளிப்பானவை, டிகாக்‌ஷன் 5 அளவில் நிற்பது. ஆறிய பாலில் கேசீன் திரள்வதற்கு 4.6 வரை இறங்க வேண்டும், ஆனால் கொதிக்கும் பாலில் அதற்கு வெகு முன்பே திரிந்துவிடும். காலையில் வாங்கி வெளியே வைத்த பாலில் நுண்ணுயிர்கள் மாலைக்குள் லாக்டிக் அமிலத்தைக் கூட்டியிருக்குமாதலால், திரிவது பெரும்பாலும் மாலைக் காபிதான். வெல்லத்தைத் தனியே கரைத்து, மண் போக வடிகட்டி, அடுப்பை அணைத்துப் பால் அடங்கியபின் சேர்ப்பதே பாதுகாப்பு.

ஏலக்காயின் கதை வேறு. அதன் மணத்துக்குக் காரணமான எண்ணெய்களில் ஒன்றான சினியோல் தனித்திருந்தால் 176 டிகிரியில்தான் கொதிக்கும். பால் 100 டிகிரியையொட்டிக் கொதிக்கும்போது அது ஏன் ஓடிப்போகிறது என்று கேட்கலாம். ஒன்றோடொன்று கலக்காத எண்ணெயும் நீரும் சேர்ந்து சூடாகும்போது இரண்டின் ஆவியழுத்தமும் கூடிக்கொள்வதால், எண்ணெய் தன் கொதிநிலைக்கு வெகு கீழேயே நீராவியோடு ஏறிவிடுகிறது. வாசனைத் தைலம் வடிப்பவர்கள் பயன்படுத்துவது இதே முறைதான். ஏலத்தைப் பாலில் போட்டுக் கொதிக்கவிட்டால் கூடம் மணக்கும், டம்ளர் மணக்காது. அடுப்பை அணைத்தபின் தட்டிப் போட்டு, தட்டால் மூடி இரண்டு நிமிடம் விட்டு வடிகட்டினால் போதும். டிகாக்‌ஷனும் அப்போதுதான் சேர வேண்டும். அதைக் கொதிக்கவிடுவது காபிக்குச் செய்யும் துரோகம்.

இத்தனையும் சரியாக அமைந்த காபி உடம்பைச் சூடாக்குவதுபோல் தோன்றுவதற்கும் விளக்கம் உண்டு. நாக்கு நரம்புகளில் டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பி இருக்கிறது. 43 டிகிரியைத் தாண்டிய வெப்பம் பட்டால் அது திறந்து ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைக் கொண்டு அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் இதை இனங்கண்டனர். 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. பைபரினும் ஷோகாலும் இதே ஏற்பியைத்தான் தட்டுகின்றன. எனவே டபராவில் நன்றாக ஆற்றிய காபியும் சுக்கு சேர்ந்தால் சுடுவதாகவே மூளை எண்ணிக்கொள்கிறது. முகம் வேர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது.

காபிப் பொடியே சேராத சுக்குமல்லிக் காபியில் பால் இல்லை, கொழுப்பும் இல்லை. அங்கே காரம் பாதி கரைந்தும் பாதி நுண்துகள்களாக மிதந்தும் வாய்க்கு வருகிறது. துணியில் இறுத்து வடிகட்டினால் அது சப்பென்று போய்விடும், கம்பி வடிகட்டியே ஏற்றது. மல்லிவிதையை இளஞ்சூட்டில் வறுப்பது ஈரத்தைப் போக்கி இடிக்க எளிதாக்குவதற்கும், வறுபட்ட வாசனைக்கும். அதிகம் வறுத்தால் லினலூல் என்ற அதன் இயல்பான நறுமணம் போய்விடும். இடித்த பொடியை மழைக்காலத்தில் பெரிய டப்பாவில் சேர்த்துவைப்பதும் நல்லதல்ல. இடித்தபின் எண்ணெய் காற்றில் போகும் பரப்பு பல மடங்காகிறது, மாவுச்சத்து ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டுகிறது. ஒரு வாரத்துக்கானதை மட்டும் இடித்து, காபிப் பொடியிலிருந்து தள்ளி, இறுக்க மூடிவைக்கலாம்.