கேரக்டர்: பாத்திரமா, மாந்தரா, வேஷமா?

"அவர் ஒரு மாதிரி கேரக்டர்" என்றால் குணத்தைச் சொல்கிறோம். "படத்தில் அவருக்கு என்ன கேரக்டர்?" என்றால் ஏற்ற வேடத்தைக் கேட்கிறோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் அதிநாயகர் (சூப்பர் ஹீரோ) விளையாட்டில் இந்த இரண்டு பொருளும் ஒரே தாளில் வந்து சேர்கின்றன.

மூலச்சொல் கிரேக்கம். கீறுதல், செதுக்குதல் என்ற வினையில் பிறந்து, செதுக்கும் கருவியையும் நாணயத்தில் குத்திய முத்திரையையும் குறித்தது. ஒருவரைப் பிரித்துக் காட்டும் அடையாளம் என்ற பொருள் பிறகு வந்தது. கதையில் வரும் ஆள் என்பது இன்னும் பிந்தியது.

நம்மிடம் புழங்கும் 'பாத்திரம்' வடமொழி. கொள்கலம் என்பது பொருள். 'நம்பிக்கைக்குப் பாத்திரமானவர்' என்னும்போது ஏற்கத் தகுந்தவர். கதையில் உலவும் ஆளுக்குக் 'கதைமாந்தர்' என்பதே நல்ல தமிழ். மாசியில் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்துக்கு ரதியாக, மன்மதனாக 'வேஷம் கட்டுறது' என்கிறோமே, அது ஆடுபவரின் பங்கு. ஆளை உருவாக்கும் வேலைக்கோ 'பாத்திர வார்ப்பு' என்ற சொல் முன்பே உண்டு. வார்ப்பது உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றுவது. கிரேக்கச் சொல் அதன்மேல் கீறுவது. இரண்டும் ஒரே பட்டறை வேலை. பலர் ஊற்றுவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

1927இல் ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபோஸ்டர் கதைமாந்தரைத் தட்டை, உருண்டை என்று பிரித்தார். நாம் நம்பும்படியாக நம்மை வியக்கவைப்பவரே உருண்டை. 'உருண்டைப் பாத்திரம்' என்றால் அடுக்களைதான் கண்முன் வரும். 'முழுமாந்தர்' என்பது பொருந்தும்.

1981இல் வந்த சாம்பியன்ஸ் என்ற அதிநாயகர் விளையாட்டில் ஆற்றல்களைப் புள்ளி கொடுத்து வாங்க வேண்டும். குறைபாடு சேர்த்தால் கூடுதல் புள்ளி. 1989இன் 4ஆம் பதிப்பில் அடிப்படை 100, குறைபாடுகளால் இன்னும் 150 வரை. கோளாறு இங்கேதான் புகும்: புள்ளிக்காக எழுதிய குறைபாடு, கதையில் தலைகாட்டாமலே கிடக்கும். மியூட்டண்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் என்ற இன்னொரு அதிநாயகர் விளையாட்டு இதைத் திருப்பிப் போட்டது. அதன் 3ஆம் பதிப்பில் சிக்கல் கதைக்குள் வந்து கடிக்கும்போதுதான் நாயகப் புள்ளி கிடைக்கும். அதைச் செலவழித்து 20 முகப் பகடையை மறுபடி உருட்டலாம். 10 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் 10 கூட்டிக்கொள்ளலாம். குறைந்தது இரண்டு சிக்கல் வேண்டும், அதில் ஒன்று நாயகரை உந்தும் நோக்கம்.

மலைச்சரிவின் மண் நகர்வைக் காலடியில் உணரும் ஒரு தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணை இந்த 3ஆம் பதிப்பில் வார்ப்போம். வழக்கமான தொடக்கமான ஆற்றல் மட்டம் 10க்கு 150 புள்ளி. முழுவதையும் ஆற்றலில் கொட்டினால் சண்டை ஓய்ந்ததும் அவளுக்குச் செய்ய வேலை இருக்காது. முதலில் 15ஐத் திறன்களுக்கு ஒதுக்குங்கள். புள்ளிக்கு இரண்டு வீதம் 30 படி வரும். சரிவு வாசிப்பது, தோட்டத் துரையிடம் பேசி லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களை வெளியேற்றுவது எல்லாம் அதில் அடங்கும்.

அடுத்தது கீறல். 'பெற்றோரை இழந்தவள்' என்பது நடந்து முடிந்தது, இன்றைக்குக் கடிக்காது. 'பாம்புக்குப் பயம்' எப்போதோ ஒருமுறைதான் வரும். பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், என்பது அப்படியல்ல. பாதி மலையில் கூடையை விட்டு ஆபத்தை நோக்கி ஓடும் ஒவ்வொரு தடவையும் வீட்டுச் செலவில் கை வைக்கும், கங்காணியின் கேள்வியும் வரும். நோக்கத்தையும் இப்படியே தேடுங்கள்: 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன தன் தங்கையைப் பாட்டி இன்னும் எதிர்பார்த்திருப்பதால், இவள் எந்தக் குடும்பத்தையும் பிரிய விடமாட்டாள். இரண்டும் மோதும் இடத்தில்தான் அவள் நம்மை வியக்கவைப்பாள்.

சிக்கல் எழுதும் வரியில் 'பொறுப்பானவள்' போன்ற பண்புச்சொல் வேண்டாம். ஆளும் நேரமும் வைத்து எழுதுங்கள்: "மாலை நிறுவைக்குள் மலைக்குத் திரும்பாவிட்டால் அரைப்பேர்."